இல்லாத ஆடு

கிசுமுவில், கிபுயே சந்தையின் பின்வாசலில் என் கடை.
ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், ஒரு மின்விசிறி.
கறுப்பு வெள்ளை பத்து ஷில்லிங். வண்ணம் முப்பது.
வெளிநாட்டு வேலைக் கடிதம் என்றால்
எல்லோரும் வண்ணத்தில்தான் கேட்கிறார்கள்.

நான் படிக்கக் கூடாதுதான்.
தாள் சூடாக வெளியே நழுவும்போது
கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது?
மார்ச்சில் ஓர் ஓட்டல் மேலாளர் கையெழுத்திட்டிருந்தார்.
ஜூனில் ஒரு மருத்துவமனை.
ஆகஸ்டில் கப்பல் கம்பெனி.
மூன்று கையெழுத்துக்கும் வால் ஒன்றே,
இடப்பக்கம் சுழித்து, தூண்டில் முள்போல.

போன வருடம் ஒக்வெனோவிடம் சொன்னேன்.
"உனக்குப் பொறாமை" என்று சிரித்தான்.
மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போனான்.
போய் இறங்கி ஒரு நீச்சல் குளத்தின் படம் அனுப்பினான்.
அடுத்த வாரமும் அதே குளம்,
அதே நாற்காலியில் அதே மஞ்சள் துண்டு.
அப்புறம் ஒன்றுமில்லை.
அவன் அம்மா மாதாமாதம் வந்து
அந்தக் குளத்தை அச்செடுத்துப் போகிறாள்.
பழைய படம் கை பட்டுப் பட்டு நைந்துவிடுகிறதாம்.
அவளிடம் நான் காசு வாங்குவதில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை அபோண்டி வந்தாள்,
சூப்பர் மார்க்கெட் சீருடையோடு, சாப்பாட்டு இடைவேளையில்.
கடிதத்தில் பாங்காக்.
பயண விவரத்தில் அதற்கப்பால் ஒரு பேருந்து,
பெயர் போடாத ஊருக்கு.
"டிக்கெட் காசு யார்?"
"அவர்கள்தான்."
"திரும்பி வர நினைத்தால்?"
அதற்குப் பதில் சொல்லவில்லை. வேறொன்று சொன்னாள்:
"கல்லாவில் ஒன்பது மணி நேரம் நிற்கிறேன்.
சரக்கறைக்கு என்னைத் தனியாக அனுப்பிவிட்டு
மேலாளர் பின்னாலேயே வருகிறான்.
இங்கே மட்டும் என்ன பத்திரம், அவூர்?"

பிரிண்டரில் தாள் சிக்கியது.
குனிந்து எடுத்தேன், வெகுநேரம்,
தேவைக்கு மேலேயே வெகுநேரம்.

என் போனிலிருந்து கம்பெனி எண்ணுக்கு அழைத்தோம்.
அங்கே வேலை செய்யும் நம் ஊர்ப் பெண் ஒருத்தியோடு
பேச வேண்டும் என்றாள்.
நாளை என்றார்கள். நாளையும் நாளை என்றார்கள்.
திங்கட்கிழமை ஒருத்தி வந்தாள்.
எல்லாம் நன்றாக இருக்கிறதாம்.
லுவோவில் கேட்டதற்கு
ஆங்கிலத்தில் சொன்னாள்.

அபோண்டி அதைக் கவனித்தாள்.
கவனித்த பிறகும் மறுநாள்
சீருடையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சரி. போகிறவளைக் கயிறு போட்டா கட்ட முடியும்?
பாஸ்போர்ட் நகல் ஒன்று என் பிஸ்கட் டப்பாவில்.
பாவாடை இடுப்புப் பட்டையின் உள்புறம்
அழியாத மையில் தூதரக எண்.
பிறகு ஆடு.
"உன் வீட்டில் ஆடு இல்லை. என் வீட்டிலும் இல்லை.
எவனாவது தோளுக்குப் பின்னால் நின்று படித்தால்
'ஆடு ஈன்றதா' என்று கேள். புரிந்துகொள்வேன்."
"ஆட்டுக்குப் பெயர்?" என்றாள்.
வைத்தோம். அதை இங்கே எழுத மாட்டேன்.

பத்தொன்பது நாள்.
நேற்றிரவு ஒமேனா வறுக்கும்போது போன் துள்ளியது.
"ஆடு எப்படி இருக்கிறது?"
பின்னால் ஒரு சிரிக்கும் முகம்.

எப்படி இருக்கிறது என்றா பேச்சு?
ஈன்றதா என்றல்லவா?
விளையாடுகிறாளா,
அவசரத்தில் கைக்கு வந்ததைத் தட்டினாளா,
இல்லை, ஆட்டின் கதையையும்
அவளிடமிருந்து யாராவது பிடுங்கிக்கொண்டார்களா?
மீன் கருகிவிட்டது.

"எந்த ஆடு? பெயரைச் சொல்" என்று அனுப்பினேன்.

விடிந்து, கடையும் திறந்தாயிற்று.
இன்னும் இரண்டு சாம்பல் நிற டிக்.
டப்பாவிலிருந்து அவள் நகலை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்,
விசிறிக் காற்றில் பறக்காமல் ஸ்டேப்ளரைப் பாரம் வைத்து.
வாசலில் ஒரு பையன் நிற்கிறான், கையில் பென்டிரைவ்,
புதிதாக முடி வெட்டிக்கொண்டு.

வண்ணமா என்று நான் கேட்கவில்லை.
உட்கார் என்றேன்.